எச்சம் யாருடையது?

தமிழில் 'எச்சம்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரே சமயத்தில் அவ்வளவு தாழ்ந்தும் அவ்வளவு உயர்ந்தும் நிற்கிற சொற்கள் அதிகம் இல்லை. காக்கை நம் தலைமேல் இட்டுவிட்டுப் பறப்பதும் எச்சந்தான்; ஒரு மனிதன் போன பிறகு ஊரில் மிஞ்சுகிற பெயரும் எச்சந்தான். ஒருவர் தகுதியுள்ளவரா இல்லையா என்று அறிவதற்கு வள்ளுவர் எடுத்துக்கொண்ட அளவுகோலும் அதுவே. இலக்கணக்காரர்கள் இதற்கு இன்னொரு பொருளும் வைத்தார்கள். முற்றுப் பெறாத சொல்லுக்கு எச்சம் என்று பெயர். 'வந்து' என்று சொல்லி ஒருவன் நிறுத்திவிட்டால், கேட்பவன் 'வந்து என்ன செய்தான்?' என்று காத்திருப்பான். எச்சம் என்றால் முடியாதது. தன்னை முடித்துவைக்க யாரையோ எதிர்பார்த்து நிற்பது.

இந்த மூன்று பொருளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒரு பொருளை நான் என்னுடையது என்கிறேன். அதன் பலன் எனக்கு என்கிறேன். அதன் எச்சமும் என்னுடையதுதானே? பலனை வேலிக்குள் வைத்துக்கொண்டு எச்சத்தை மட்டும் வேலிக்கு வெளியே விட்டுவிட்டால், அந்தப் பொருளுக்கு நான் முழுச் சொந்தக்காரன் ஆவேனா?

இதைக் கோழிப் பண்ணையை வைத்து விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். கதை இருக்கும் என்று நம்பி இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். முட்டை சாப்பிடுகிற எல்லோருக்கும் இந்த வழக்கில் பங்கு உண்டு. சாப்பிடாதவர்களுக்கும் கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் பங்கு உண்டு.

கொல்லையில் நாலு கோழி மேய்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கோழி இட்டதை மண் வாங்கிக்கொண்டது. அவரைப் பந்தல் அதைப் பூவாக்கிக் காட்டியது. கழிவு என்ற எண்ணமே அன்று கிராமத்தில் இல்லை என்று சொல்லலாம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட வருகிற ஆட்டுக்காரருக்கு நிலத்துக்காரர் நெல்லோ பணமோ கொடுத்தார்; ஓர் இரவு முழுவதும் தம் நிலத்தில் ஆடுகள் படுத்து எழுந்ததற்கு அது கூலி. உழவைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவரும் எருவுக்கு மறவாமல் இடம் கொடுத்தார். அவ்வளவு ஏன், பறவை எச்சத்துக்காக நாடுகளே சண்டை போட்டிருக்கின்றன. பெரு நாட்டுக் கரையோரத் தீவுகளில் கடற்பறவைகள் இட்டு இட்டு மலையாகக் குவிந்திருந்த எச்சத்தை, 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பா கப்பல் கப்பலாக வாங்கிக் கொண்டுபோய்த் தன் வயல்களில் போட்டது. ஆளில்லாத எச்சத் தீவுகளை அமெரிக்கக் குடிமக்கள் உரிமை கொண்டாடலாம் என்று 1856-ல் அந்த நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டமே இயற்றியது. 1864-ல் ஸ்பெயின் சிஞ்சாத் தீவுகளைப் பிடித்துக்கொள்ள, போர் மூண்டது.

போர் தொடுத்து வாங்கிய பொருள் இன்று அண்டை வீட்டுச் சண்டைக்குக் காரணமாகிவிட்டது. பொருள் மாறவில்லை. அளவு மாறியிருக்கிறது, இடம் மாறியிருக்கிறது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சம் இடும். கேட்பதற்குச் சிறிய கணக்கு. பத்தாயிரம் கோழி வளர்க்கிற பண்ணையில் அதுவே நாளுக்கு ஒரு டன். நாமக்கல்லில் லட்சம் கோழிப் பண்ணைகளும் உண்டு. தீவனமாக வருகிற சோளமும் சோயாவும் எங்கோ தூரத்து நிலங்களில் விளைந்தவை. அந்த நிலங்களின் சத்தெல்லாம் லாரியில் வந்து, கோழியின் வயிற்றில் புகுந்து, பண்ணையைச் சுற்றியுள்ள சில ஏக்கர் மண்ணில் குவிகிறது. கொடுத்த மண்ணுக்குத் திரும்பிப் போக வழியில்லை. கிடைத்த மண்ணுக்குத் தாங்கச் சக்தியில்லை. அங்கேதான் எரு கழிவாகிறது.

பறவைகள் தனியே சிறுநீர் கழிப்பதில்லை. உடம்பில் மிஞ்சிய நைட்ரஜனை யூரிக் அமிலமாக, வெள்ளைப் பூச்சாக, எச்சத்தோடு சேர்த்தே வெளியேற்றுகின்றன. அது உலர்ந்து கிடக்கும் வரையில் சாது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி அதை அம்மோனியாவாக மாற்றிவிடுகின்றன. கண்ணைக் கரிக்கிற அந்த நெடி, உண்மையில் பயிருக்குப் போக வேண்டிய சத்து காற்றில் பறிபோவதன் அறிவிப்பு. கொட்டகைக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா ஏறினால் கோழிகளுக்கே கண் நோய் வரும். மூச்சுக் குழாய் புண்படும். ஈரமான எருவில் ஈ முட்டையிட்டால், வெயில் காலத்தில் பத்து நாளைக்குள் அடுத்த தலைமுறை ஈ பறந்து வந்துவிடும்.

இதில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. அம்மோனியா நெடியிலேயே நாள் முழுவதும் இருப்பவனுக்கு மூக்கு மரத்துப் போகிறது. மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பண்ணைக்குள் முதல் முறை நுழைகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வருவான். உள்ளேயே இருப்பவனோ, 'என்ன நாற்றம்? ஒன்றும் இல்லையே!' என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிவதில்லை. தவற்றுக்கு மிக அருகில் இருக்கிறவனுக்கே அது முதலில் மறைந்து போகிறது. லஞ்சம் வாங்குகிற வீட்டிலும், வேலைக்காரச் சிறுமியை அதட்டியே பழகிய வீட்டிலும் நாம் காண்பது இதே மரத்துப் போன மூக்கைத்தான். ஆகையால், நம்முடைய எச்சத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நமக்கு அடுத்தவனுடைய மூக்கு தேவைப்படுகிறது. அடுத்த வீட்டுக்காரன் புகார் சொல்லும்போது அவன் நமக்குச் செய்வது ஓர் உதவி.

நிற்க. இந்தச் சிந்தனை எனக்கு நாமக்கல்லில் தோன்றவில்லை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளியில் தோன்றியது.

ஓசூர் எல்லையூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் புழங்குகிற ஊர். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் ரோஜாத் தோட்டங்கள். கால்நடைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. மத்திகிரியில் உள்ள அரசாங்கக் கால்நடைப் பண்ணை, 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியது. கோழி வளர்ப்பையே ஒரு படிப்பாகச் சொல்லிக் கொடுக்கிற கல்லூரியும் இன்று அங்கேதான் இருக்கிறது.

நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாக வந்து, எல்லை தாண்டியதும் முதலில் தேங்குகிற இடம் கெலவரப்பள்ளி அணை. அணையின் முழு உயரம் 44.28 அடி. வாய்க்கால்கள் வழியாகச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பாசனம். நல்ல மழைக் காலத்தில் மதகைத் திறந்தால் பார்க்கக் கண் கொள்ளாக் காட்சியாக இருக்க வேண்டும். ஆனால் பல வருஷங்களாக அங்கே மக்கள் பார்ப்பது வேறு காட்சி. மதகிலிருந்து விழுகிற நீர் வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து வயல்களில் போய் விழுகிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவன் பனி என்று நினைப்பான். அருகில் போனால் சாக்கடை நாற்றம். நகரத்தின் சோப்பும், சாக்கடையும், ஆலைக் கழிவும் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்து வருவதன் விளைவு அது.

அணைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கோழிப் பண்ணைக்காரரைச் சந்தித்தேன். ஆறாயிரம் கோழிகள். உழைப்பாளி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தாமே தீவனம் அள்ளிப் போடுகிறவர். எருவை ரோஜாத் தோட்டத்துக்காரர்களும் காய்கறி போடுகிறவர்களும் வாங்கிப் போவார்களாம். மழைக் காலத்தில் யாரும் வருவதில்லை. அப்போது எரு வாய்க்கால் கரையில் குவிந்து கிடக்கும். மழை அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். இதைப் பற்றி நான் மெதுவாகக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"மேலேயிருந்து ஒரு பட்டணமே தன் சாக்கடையை எங்க தலையிலே கொட்டுதுங்க, சார். அந்தத் தண்ணியிலேதான் நாங்க கால் வைக்கிறோம். அதைக் கேட்க நாதி இல்லை. என் கோழி எருவைக் கேட்க வந்துட்டீங்களா?" என்றார்.

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாய்க்காலில் கீழே அவருக்குக் கொஞ்சம் கத்தரித் தோட்டம். அவர் அதுவரை பேசவில்லை. இப்போது பண்ணைக்காரரைப் பார்த்து, "நுரை ஆத்தோட போயிடுது, தம்பி. உன் ஈ என் சோத்துத் தட்டுலே உட்காருதே?" என்றார்.

பண்ணைக்காரர் பெரியவரை மதிக்கிறவர். "அண்ணா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றாரே தவிர, மேலே பேசவில்லை. பேச்சு வேறு எங்கோ திரும்பிவிட்டது.

பண்ணைக்காரர் கேட்ட கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. பெரிய குற்றம் கேட்பாரற்றுக் கிடக்கும்போது சின்னக் குற்றத்தைப் பிடித்துக்கொள்வது, சாதாரணமாக வலியவனுக்குச் சாதகமான வேலை. ஒரு மாநகரத்தின் கழிவோடு ஆறாயிரம் கோழிகளின் கழிவை நிறுத்துப் பார்த்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாநகரத்தில் வாழ்கிறவர்களும், அவர்களை ஆள்கிறவர்களும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அவர் சொன்னதில் இரண்டு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'எனக்கு அநியாயம் நடந்தது' என்பது முதல் வாக்கியம். 'ஆகையால் நான் கேள்விக்கு அப்பாற்பட்டவன்' என்பது இரண்டாவது. முதலாவது உண்மை. முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படிப் பிறக்கும்? அநியாயம் பட்டவனுக்கு நியாயம் கேட்கும் உரிமை பிறக்கிறது. நஷ்ட ஈடு பெறும் உரிமை பிறக்கிறது. அந்த நஷ்டத்தைத் தனக்குக் கீழே இருக்கிற மூன்றாவது மனிதனிடம் வசூல் செய்துகொள்ளும் உரிமை பிறப்பதில்லை. கத்தரித் தோட்டத்துப் பெரியவர் பெங்களூர்க்காரர் அல்லர். அவர் மேல் நுரையும் விழுகிறது, ஈயும் உட்காருகிறது. கடன்காரனிடம் வாங்க முடியாததை ஏமாந்தவனிடம் வாங்குவது எந்தத் தர்மத்தில் சேரும்?

இந்த மயக்கம் கெட்டவர்களுக்கு வருவதில்லை. கெட்டவனுக்குச் சாக்கு எதற்கு? துன்பப்பட்ட நல்லவனுக்குத்தான் இது வருகிறது. மாமியாரிடம் பட்ட பாட்டை மருமகளிடம் தீர்த்துக்கொள்கிற பெண்ணை நாம் அறிவோம். மேலதிகாரியிடம் வாங்கிய வசவை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பங்கிடுகிற குமாஸ்தாவையும் அறிவோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்களுக்கு நேர்ந்த அநியாயத்தையே பார்த்துப் பார்த்து, தாங்கள் செய்வது கண்ணில் படாமல் போனவர்கள்.

ஆறு இதைத் தெளிவாகக் காட்டிக் கொடுக்கிறது. ஆற்றங்கரையில் மேட்டுக்காரன், பள்ளத்துக்காரன் என்று இரண்டு ஜாதி இல்லை. ஒவ்வொருவனும் ஒருவனுக்குப் பள்ளத்தில் இருக்கிறான். இன்னொருவனுக்கு மேட்டில் இருக்கிறான். கெலவரப்பள்ளி, பெங்களூருக்குக் கீழே இருக்கிறது. கிருஷ்ணகிரி அணைக்கு மேலே இருக்கிறது. கிருஷ்ணகிரி சாத்தனூருக்கு மேலே இருக்கிறது. சாத்தனூர் கடலூருக்கு மேலே. இந்த ஆற்று நீரின் உரிமைக்காக 2018-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீர் எனக்கு என்று வழக்குப் போடலாம். ஆற்றில் விட்ட அழுக்கு எனக்கு என்று எவரும் வழக்குப் போட்டதில்லை. கடைசியில் அதை வாங்கிக்கொள்வது வாயில்லாத கடல்.

சரி, அந்தப் பண்ணைக்காரர் என்னதான் செய்ய முடியும்? செய்ய முடியாததை ஒருவனிடம் கடமை என்று சொல்வதும் அநியாயந்தான். வழி இல்லாத வரையில் அவரைக் குறை சொல்ல நமக்கு அவ்வளவாக உரிமை இல்லை. ஆனால் வழி இருக்கிறது. அது கரி.

விஞ்ஞானிகள் இதற்குப் பயோசார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் உயிர்க்கரி என்கிறார்கள். பெயர்தான் புதிது. பல் துலக்க உமிக்கரி செய்த பாட்டிமார்களுக்கு இது தெரிந்த சரக்கு. மணலும் கரியும் போட்டுப் பானைமேல் பானை அடுக்கித் தண்ணீர் வடிகட்டினவர்களுக்கும் தெரியும். உமியையோ, தேங்காய்த் தொட்டியையோ, கழித்த கிளைகளையோ காற்று அதிகம் புகாமல் மூட்டம் போட்டு எரித்தால், அது சாம்பலாகாமல் கரியாக நின்றுவிடும். 350 முதல் 600 டிகிரி வரை சூடு போதும். அந்தக் கரியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தேன்கூடு மாதிரி துளைகள். நன்றாகச் செய்த கரியில் ஒரு கிராமுக்குள்ளேயே நூறு சதுர மீட்டருக்கு மேல் உள்பரப்பு அடங்கியிருக்கும். அம்மோனியாவையும் ஈரத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. எருவை மட்க வைக்கும்போது கரியைக் கலந்தால் சத்து பறிபோவது குறையும். அமெரிக்காவில் ஜார்ஜியாவில் செய்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், கோழி எருவோடு ஐந்தில் ஒரு பங்கு கரி சேர்த்து மட்க வைத்தார்கள். காற்றில் கிளம்பிய அம்மோனியாவின் செறிவு 64 சதவீதம் வரை குறைந்தது. நைட்ரஜன் இழப்பு 52 சதவீதம் வரை குறைந்தது.

ஜப்பானியர் இதை முன்னூறு வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். 1697-ல் மியாசாகி யசுசதா எழுதிய வேளாண்மை நூலில், கரித்த பொருள்களோடு கழிவைக் கலந்து ஊற வைத்து எருவாக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் கரியும் எலும்பும் கழிவும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண், ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகியும் இன்னும் வளமாக இருக்கிறது.

கரியின் குணத்தில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது கழிவை அழிப்பதில்லை, ஒளிப்பதும் இல்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. வெறும் கரியை நேரே வயலில் போட்டால், முதலில் அது வயலின் சத்தையே இழுத்துக்கொள்ளும், பயிர் வாடும். எருவோடு ஊறிய கரிதான் கொடுக்கும். பசித்தவனை அன்னதானத்துக்குப் பரிமாற அனுப்பக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது போல!

ஆனால் கரியைக் கண்டதும் கைதட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. நான்கு சந்தேகங்கள் இருக்கின்றன.

முதல் சந்தேகம், நாற்றம் அடங்கினால் கேள்வியும் அடங்கிவிடுமே என்பது. நாற்றம் ஒரு சாட்சி. சாட்சியின் வாயை மூடினால் வழக்கு முடிந்ததாகாது. கோழி எருவில் நைட்ரஜன் மட்டுமா இருக்கிறது? பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது; தீவனத்தில் சேர்த்த செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. எருவையே கரியாக எரிக்கிற முறையும் உண்டு. அதில் கிருமிகள் சாகும். பாரம் குறைந்து தூரத்து ஊருக்கு அனுப்ப வசதியாகும். ஆனால் நைட்ரஜனில் பெரும் பங்கு போய்விடும். பாஸ்பரசும் உலோகங்களும் போகாமல், செறிந்து நிற்கும். அதைப் பக்கத்து நிலத்திலேயே வருஷா வருஷம் கொட்டினால் பழைய கதைதான். கிணற்று நீரில் நைட்ரேட் ஏறினால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. அதை மூக்கால் அறிய முடியாது. அளந்து பார்க்கிற மனசாட்சி வேண்டும்.

இரண்டாவது சந்தேகம், கரிக்கு மரம் எங்கிருந்து வரும் என்பது. கோழியின் நாற்றத்தைப் போக்க நல்ல மரத்தை வெட்டினால், ஒரு எச்சத்தை மறைக்க இன்னொரு எச்சம் உண்டாக்கினவர்கள் ஆவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கு அவசியமே இல்லை. மாந்தோப்புகளில் கழித்த கிளைகள் இருக்கின்றன. மாங்கூழ் ஆலைகளில் கொட்டைகள் குவிகின்றன. காடுகளில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. சமவெளியில் சீமைக் கருவேலம் இருக்கிறது. அதை வேரோடு எடுக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. யாருக்கும் வேண்டாத செடியும் யாருக்கும் வேண்டாத எருவும் சேர்ந்து வேண்டிய பொருளாகுமானால், அதைவிட நல்ல கல்யாணம் எது? ஆனால் அந்தக் கரியைப் புகை மூட்டமாக எரித்து அடுத்த தெருவுக்கு இருமல் கொடுத்தால் அது கல்யாணம் ஆகாது. புகையையும் எரித்துவிடுகிற அடுப்பு வேண்டும்.

மூன்றாவது சந்தேகம், சட்டம் என்ன சொல்கிறது என்பது. முன்பு லட்சத்துக்கும் குறைந்த கோழிகள் உள்ள பண்ணைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் பெரிதாகக் கேட்பதில்லை. 2020-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அது சரியல்ல என்றது. அதற்குப் பிறகு வந்த நெறிமுறைகள் 5,000 கோழிகளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் அனுமதி பெற வேண்டும் என்கின்றன. நல்லது. சட்டத்துக்கு ஓர் எண் வேண்டும். எண் இல்லாமல் சட்டம் நடக்காது. ஆனால் 4,999 கோழி வைத்திருப்பவருடைய ஈ, சட்டம் படித்துவிட்டா பறக்கிறது? சட்டம் நிற்கிற இடத்தில் கடமை நிற்பதில்லை.

நான்காவது சந்தேகம் பணத்தைப் பற்றியது. பண்ணைக்காரர் அதையும் கேட்டார்: "கரிக்கு யாருங்க காசு கொடுப்பாங்க?" நியாயமான கேள்வி. முட்டை விலை அவர் கையில் இல்லை. தினம் காலையில் அறிவிக்கப்படுகிறது. அந்த விலையில் தீவனம் இருக்கிறது, குஞ்சு இருக்கிறது, மருந்து இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது. கத்தரித் தோட்டத்துப் பெரியவரின் சோற்றுத் தட்டு இல்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியதை யாரும் கொடுக்கவில்லை என்பதால்தான் முட்டை இவ்வளவு மலிவாக இருக்கிறது. ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கூடச் சத்துணவில் சாப்பிடுகிற முட்டை அது. மலிவாக இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த மலிவுக்கு ஒரு கிழவர் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், அது தர்மம் அல்ல. காலையில் பட்டணத்தில் ஆம்லெட் சாப்பிடுகிற நானும் நீங்களும் அதில் ஒரு பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கடையில் முட்டைக்கு ஐந்து காசு ஏறினால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் செசபீக் என்று ஒரு விரிகுடா இருக்கிறது. ஆறு மாநிலங்களின் நீர் அதில் வந்து சேருகிறது. கோழி எருவும் வயல் உரமும் நகரத்துச் சாக்கடையும் வந்து விழுந்து, பாசி படர்ந்து, கோடைக் காலத்தில் மீன்கள் மூச்சுத் திணறுகிற நிலை ஏற்பட்டது. 'என் பங்கு சிறிது, அவன் பங்கு பெரிது' என்ற வாதம் அங்கேயும் வருஷக்கணக்கில் நடந்தது. 2010-ல் மத்திய அரசாங்கம், ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு அழுக்கு விடலாம் என்று கணக்குப் போட்டு வரம்பு கட்டியது. வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் வரம்பு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, மேற்கு வர்ஜீனியா மலைப் பக்கத்தில் வார்டன்ஸ்வில் என்ற சிற்றூரில் ஒரு கோழிப் பண்ணைக்காரர், தம் கொட்டகை எருவை எரித்துக் கரியாக்கும் உலை ஒன்றை நிறுவினார். அந்த மாநிலத்துக்கு விரிகுடாவில் ஒரு முழக் கரைகூடக் கிடையாது. தம் எரு போய்ச் சேருகிற கடல் அவர் வாசலிலிருந்து தெரியாது.

அவர் மகாத்மா என்று நான் சொல்ல வரவில்லை. உலையின் சூடு குளிர் காலத்தில் அவருடைய கொட்டகைகளுக்கு உதவியது. எரிவாயுச் செலவு மிச்சமாயிற்று. அதனால் என்ன? நல்ல காரியத்தில் கொஞ்சம் லாபமும் இருந்தால் அது கெட்டுப் போவதில்லை. தியாகிகளை நம்பி ஆறுகளைச் சுத்தம் செய்ய முடியாது. சாதாரண மனிதன், தன் கணக்கும் பார்த்துக்கொண்டு, மேலே இருப்பவன் திருந்தட்டும் என்று காத்திராமல் தன் வரப்பில் தொடங்கினான் என்பதுதான் இதில் முக்கியம்.

கெலவரப்பள்ளியிலும் யாராவது தொடங்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மழைக்கு முன்னால் எருக் குவியலுக்கு ஒரு கூரை. வாய்க்கால் கரையிலிருந்து தள்ளி மேட்டில் ஓர் இடம். மாங்கிளைக் கரி கொஞ்சம். மட்கிய எருவை ரோஜாத் தோட்டத்துக்காரர் மூட்டை போட்டு வாங்கிப் போவார்; பறிபோகாத நைட்ரஜனுக்கு அவர் விலையும் கூடக் கொடுக்கலாம். மத்திகிரியில் படித்த பிள்ளைகள் வந்து அளந்து சொல்லலாம். அரசாங்கம் முதல் உலைக்குக் கடன் கொடுக்கலாம்.

இதனால் அணையில் நுரை ஒரு குமிழிகூடக் குறையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நுரைக்குப் பெங்களூர்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பண்ணைக்காரர் நாளைக்கு வடக்கே திரும்பி, 'உன் எச்சத்தை என் தலையில் கொட்டாதே' என்று சொல்லும்போது, தெற்கேயிருந்து அதே வாக்கியம் அவர் முதுகில் வந்து விழக் கூடாது. அப்போதுதான் அவர் குரலில் வேறு ஒரு பலம் இருக்கும். கத்தரித் தோட்டத்துப் பெரியவரும் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நிற்பார்.